கலைக்களஞ்சியம் தந்தவர் மாயக் கதையும் எழுதினார்!

கோவையில் இருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது, துடியலூர்.

அங்கு விருந்தீசுவரர் கோவில் இருக்கிறது. பசியோடு வந்த சுந்தரருக்கு, சிவனும் பார்வதியும் வேடனாகவும் வேடுவச்சியாகவும் வந்து விருந்து படைத்தார்கள் என்பது அந்தக் கோவிலின் கதை.

அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் வடக்கே போனால், பெரியநாயக்கன்பாளையம். அங்குள்ள ராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார்.

கல்லூரியில் அவர் படித்தது கணிதம். பிற்காலத்தில் அவர் உருவாக்கியது, 10 தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம். அப்படிப்பட்டவர் மாயக்கள்ளன் கதையும், பறக்கும் மனிதன் கதையும் எழுதினார். சிறுவர்களுக்காக எழுதினார்!

அவர்தான் பெ.தூரன்.

பாட்டி வளர்த்த பிள்ளை

ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சி அருகே மஞ்சக்காட்டு வலசு என்ற சிற்றூர். அங்கு 1908-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ந் தேதி பிறந்தார். பெயர் பெரியசாமி. தூரன் என்பது குலப்பெயர்.

இளம் வயதிலேயே தாயை இழந்தார். பாட்டிதான் வளர்த்தார்.

கொங்கு நாட்டுக் கிராமத்தில் கதைக்குப் பஞ்சம் ஏது? கன்னிமார் கதை உண்டு. கருப்பராயன் கதை உண்டு. புளிய மரத்துப் பேய்க் கதையும் உண்டு. ஏற்றம் இறைப்பவர் வாயிலும், நாற்று நடுபவர் வாயிலும் பாட்டு உண்டு. அந்த நாட்டுப்பாடல்களைத் தூரன் மறக்கவில்லை. பிற்காலத்தில் தேடித் திரட்டி, ‘காற்றில் வந்த கவிதை’ என்ற நூலாகத் தந்தார்.

தேர்வு எழுத மறுத்தார்

சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். 1931-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி பகத்சிங்கை வெள்ளையர் அரசு தூக்கில் போட்டது. தூரன் மனம் கொதித்தார். பட்டம் பெறுவதற்கான தேர்வையே எழுத மறுத்துவிட்டார்.

ஊர் திரும்பி, ஆசிரியர் ஆனார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் வித்தியாலயக் கட்டிடத்துக்கு காந்தி அடிகள் அடிக்கல் நாட்டியது 1934-ம் ஆண்டு. தி.சு.அவினாசிலிங்கம் நிறுவிய இந்தக் குருகுலத்தில் மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்குத் தூரன் ஆசிரியராக இருந்தார். பிறகு தலைமை ஆசிரியர் ஆனார்.

மீசை அரும்பும் வயது

பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஒரு தனி வயது. பாட்டி கதை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். பெரியவர்கள் படிக்கும் நாவல் புரியாது. பேய்க்குப் பயப்படுவதைச் சொல்ல வெட்கம். ஆனால் பேய்க் கதை என்றால் காது தானாக நீளும்.

இந்த வயதைத் தூரன் ஆராய்ந்தார். ‘குமரப்பருவம்’ என்று ஒரு நூல் எழுதினார். மனதின் ஆழத்தைப் பற்றி ‘அடிமனம்’ எழுதினார். மனோதத்துவத்தை எளிய தமிழில் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர்.

ஆராய்ச்சியோடு அவர் நின்றுவிடவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கதையும் எழுதினார். ‘மாயக்கள்ளன்’, ‘பறக்கும் மனிதன்’, ‘ஓலைக்கிளி’, ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘சங்ககிரிக் கோட்டையின் மர்மம்’ எல்லாம் அவர் எழுதியவை.

மர்மத்தைத் தேடி அவர் கடல் கடந்து போகவில்லை. கொல்லிமலை என்றாலே சித்தர் குகைகள் நினைவுக்கு வரும். சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை ஒன்று அங்கே இருந்ததாகப் பழங்கதை உண்டு. சங்ககிரிக் கோட்டையோ, 1805-ம் ஆண்டு தீரன் சின்னமலையை வெள்ளையர் தூக்கிலிட்ட இடம். பெயரைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும் இப்படிப்பட்ட இடங்களைத்தான் கதைக்கு எடுத்துக்கொண்டார்.

மலைக் குள்ளனோடு மோதுவது மந்திரவாதியோ, மாவீரனோ அல்ல. தங்கமணி, கண்ணகி, சுந்தரம் என்ற பிள்ளைகள்! கூடவே ‘ஜின்கா’ என்ற குரங்கு. படிக்கும் பிள்ளைக்குப் பயம் வரும். ஆனால் தன் வயதுப் பிள்ளைகள் முன்னே போகும்போது, அவன் மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு ஓட முடியுமா?

இருபது ஆண்டு உழைப்பு

அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தபோது தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. தமிழில் கலைக்களஞ்சியம் வெளியிட அது முடிவு செய்தது. தலைமைப் பதிப்பாசிரியர் பொறுப்பு, 1948-ம் ஆண்டு தூரனிடம் வந்தது.

முதல் தொகுதி 1954-ம் ஆண்டு வெளிவந்தது. பத்தாவது தொகுதி 1968-ம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டு அவருக்கு ‘பத்மபூஷண்’ விருது கிடைத்தது.

அப்போது அவருக்கு வயது 60. மற்றவர்களாக இருந்தால் ஓய்வு எடுத்திருப்பார்கள்.

தூரன் அப்படிச் செய்யவில்லை. குழந்தைகளுக்கென்று தனிக் கலைக்களஞ்சியம் தயாரிக்கும் வேலையில் இறங்கினார். அதுவும் 10 தொகுதிகள்! 1976-ம் ஆண்டு அது நிறைவு பெற்றது.

அறிஞர்களுக்கு எழுதுவது பெருமை, பிள்ளைகளுக்கு எழுதுவது அதற்குக் கீழே என்று நினைப்பவர்கள் உண்டு. தூரன் வாழ்க்கையில் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. விண்மீன் எப்படி ஒளிர்கிறது என்று விளக்கியதும், மனிதனைப் பறக்க வைத்ததும் ஒரே கைதான். இது என்ன, இது எப்படி என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத்தானே இரண்டும் வேண்டும்?

1987-ம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ந் தேதி தூரன் மறைந்தார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது.

அவர் கதைகள் இப்போது எல்லோருக்கும் சொந்தம். வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால், ‘கொல்லிமலைக் குள்ளன்’ கதையைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம். அன்று இரவு விளக்கை அணைக்க விடமாட்டான். பயத்தினால் அல்ல, அடுத்த பக்கத்தைப் படிப்பதற்காக!