வீரமாமுனிவரின் வீட்டுப் பெயர்



உங்கள் வீட்டிலாவது உறவினர் வீட்டிலாவது சேவியர், பிரிட்டோ, கொன்சாகா, பெஸ்கி என்று யாரேனும் ஒருவர் இருக்கக்கூடும். இவையெல்லாம் ஞானஸ்நானப் பெயர்கள் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இவை குடும்பப் பெயர்கள். நம் வழக்கில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிப்போகும். ஐரோப்பாவிலோ ஒரே பெயர் தகப்பனிடமிருந்து மகனுக்கு வழிவழியாய் வரும். நம் இளையரசனேந்தல் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் வீட்டுப் பெயர் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பெயர் இத்தாலியாவிலிருந்து நம் சீமைக்கு வந்த வரலாற்றை இவ்வாரம் கேளுங்கள்.

இத்தாலியாவின் வடபகுதியில் மாந்துவா நகருக்குச் சமீபத்தில் காஸ்தில்யோனே என்று ஓர் ஊர் உண்டு. முற்காலத்தில் அதை ஆண்டவர்கள் கொன்சாகா வம்சத்தார். கொன்சாகா என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். அங்கிருந்து வந்தவர்களுக்கு அதுவே வம்சப் பெயராயிற்று. அந்த வம்சத்தில் 1568-ல் காஸ்தில்யோனேயில் பிறந்த மூத்த குமாரரே அர்ச். ஞானப்பிரகாசியார். அவர் ஆளும் உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துச் சேசு சபையில் சேர்ந்தார். 1591-ல் உரோமையில் கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து, 23 வயதில் மரித்தார். அவர் விட்டுவந்த வம்சப் பெயர் இன்று தமிழ்ப் பிள்ளைகளின் பெயராய் வழங்குகிறது.

அதே காஸ்தில்யோனேயில் 1680 நவம்பர் 8-ந் தேதி பெஸ்கி என்னும் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கொன்ஸ்தாந்தீனோ ஜோசப் என்று பெயரிட்டார்கள். தம் ஊர் அர்ச்சியசிஷ்டரைப் போலவே இவரும் 1698-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1709-ல் குருப்பட்டம் பெற்று, லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, 1710-ல் கோவாவை அடைந்து, மறு வருஷம் தமிழ்நாடு வந்து சேர்ந்தார்.

இங்கே வந்தவர் தம் பெயரையும் தமிழாக்கிக்கொண்டார். கொன்ஸ்தாந்தீனோ என்பதன் அடிச்சொல்லுக்கு உறுதி என்பது பொருள். ஆகவே தைரியநாதர் ஆனார். பின்னர் அவருக்கு வழங்கிய பெயரே வீரமாமுனிவர்.

அந்தப் பெயருக்கு வந்த சோதனையும் நம் சீமையிலேதான். நமக்கு வெகு தூரமில்லாத காமநாயக்கன்பட்டி விசாரணையில் அவர் உழைத்தார். குருக்கள்பட்டியில் பகைவர் கையில் அகப்பட்டுச் சிறையிருந்தார். மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. எப்படியோ உயிர் தப்பினார். தப்பியவர் ஊருக்குத் திரும்பிப் போகலாமென்று எண்ணவில்லை. ஏலாக்குறிச்சியிலும் கோணான்குப்பத்திலும் தேவமாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். தமிழ்ப் புலவர்களோடு பழகித் தமிழை ஆழக் கற்றார்.

தம் ஞானஸ்நானப் பெயருக்குரிய அர்ச். சூசையப்பரையே தலைவராக வைத்து, 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை 1726-ல் பாடி முடித்தார். அதே 1726-ல்தான் அவர் ஊராராகிய ஞானப்பிரகாசியாருக்கு உரோமையில் அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளிக்கப்பட்டது. பிறகு தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலையும், 1732-ல் சதுரகராதியையும் ஆக்கினார். பரமார்த்த குருவின் கதையைச் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்தவரும் இவரே. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து ஐரோப்பியர் அறியச் செய்தார்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பழைய ஏடுகளில் எகர, ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைப்பார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். புள்ளியில்லாமல் விட்டாலோ குறில் எது, நெடில் எது என்று தெரியாது. முனிவர் அந்தப் புள்ளியை நீக்கி, நெடிலுக்கு இரட்டைக் கொம்பை வகுத்தார். ஆகவே உங்கள் வீட்டுச் சேவியர் தன் பெயரை எழுதும்போதெல்லாம், அந்த முதல் எழுத்திலேயே முனிவரின் கை இருக்கிறது.

1747 பிப்ரவரி 4-ந் தேதி மலையாள நாட்டு அம்பழக்காட்டில் அவர் உயிர் நீத்தார். துறவியாகையால் அவருக்குப் பிள்ளைகள் இல்லை; பெஸ்கி என்னும் பெயரை இரத்த வழியில் இந்நாட்டில் யாருக்கும் விட்டுச் செல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் அழியவில்லை. திண்டுக்கல்லில் சேசு சபையாரின் பெஸ்கி கல்லூரி அதைத் தாங்கி நிற்கிறது. 1968-ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையும் வைக்கப்பட்டது. இத்தாலியாவில் தகப்பன் மகனுக்குக் கொடுக்கும் வீட்டுப் பெயரை, இங்கே தாய்மார் பக்தியோடு எடுத்துத் தங்கள் மக்களுக்குச் சூட்டினார்கள்.

அன்பான பெற்றோர்களே, பெயர் சூட்டினால் மட்டும் போதுமா? உங்கள் பிள்ளை தன் பெயருக்குரியவர் யாரென்று தெரியாமலே வளர்ந்தால், அது வெறும் ஓசையாகவே நின்றுவிடும். இன்று இராத்திரி ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து, அவரவர் பெயரின் கதையைச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள்.