கடலின் வெப்பம் அளந்த அறிஞர்

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்கும் எளிய குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் அவர் பயின்றது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. எனினும் அச்சுத் தொழிலில் இறங்கித் தம் முயற்சியால் அறிவியல் அறிஞராகவும் அரசியல் தலைவராகவும் உயர்ந்தார். இடிதாங்கியை உலகிற்கு அளித்தவர் அவரே என்பதைப் பலரும் அறிவர். கடலின் வெப்பத்தை அவர் அளந்தறிந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே.

அமெரிக்கக் குடியேற்றங்களின் அஞ்சல் அதிகாரியாகிய அவர் இலண்டனில் தங்கியிருந்தபோது, முறையீடு ஒன்று எழுந்தது. இங்கிலாந்திலிருந்து நியூயார்க் செல்லும் அஞ்சற்கப்பல்கள், வணிகக் கப்பல்களைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் பிந்திச் சென்றன. பிராங்க்ளின் இதன் காரணத்தைத் தம் உறவினராகிய திமோதி போல்கர் என்னும் மாலுமியிடம் கேட்டார். அமெரிக்கக் கரையை அடுத்துக் கடலினூடே ஓர் ஆறுபோல் வளைகுடா நீரோட்டம் பாய்கிறது என்றும், அதனை எதிர்த்துச் செல்வதாலேயே கப்பல்கள் தாமதமாகின்றன என்றும் போல்கர் விளக்கினார். திமிங்கில வேட்டையாடுவோர் அனைவரும் அறிந்த செய்தி அது. பிராங்க்ளின் அதனைக் கடற்படமாக வரைவித்து அச்சிட்டார். ஆனால், அஞ்சற்கப்பல் தலைவர்கள் அதனைப் பொருட்படுத்தினாரில்லை.

அதற்காக அவர் மனந்தளரவில்லை. 1775ஆம் ஆண்டு தாயகம் திரும்புகையில், தம் 69ஆம் வயதில், நாள்தோறும் பலமுறை கடலில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தார். நீரோட்டத்தின் நீர், அதனை அடுத்துள்ள நீரினும் வெம்மை மிக்கதாயிருந்தது. கண்ணுக்குப் புலனாகாத ஆற்றின் கரைகளை வெப்பமானி காட்டிற்று!

1785ஆம் ஆண்டு தம் இறுதிக் கடற்பயணத்தில், கல்லடைப்பு நோயால் வருந்திய முதுமையிலும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. உறவினர் ஜொனாதன் வில்லியம்ஸ் துணைபுரிய, தக்கையால் இறுக மூடிய புட்டி ஒன்று 35 பாக ஆழத்திற்கு இறக்கப்பட்டது. நீரின் அழுத்தம் தக்கையை உள்ளே தள்ள, ஆழத்து நீர் புட்டியில் நிறைந்தது. அந்நீர் மேற்பரப்பு நீரைவிட 6 பாரன்ஹீட் டிகிரி குளிர்ந்திருந்தது. 1790ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

கதிரவன் கடலின் மேலடுக்கைச் சூடாக்குகிறான். காற்று அதனைக் கலக்குகிறது. இரவு அதனைக் குளிர்விக்கிறது. இம்மாற்றங்களை இன்று மிதவைக் கருவிகளும் செயற்கைக்கோள்களும் அளக்கின்றன. அவ்வளவுகளைக் கொண்டு கணிப்பொறிகள் புயலையும் மழையையும் கணிக்கின்றன. அளந்தறியும் இம்முயற்சியில் முன்னோடியாய் நின்றோருள் பிராங்க்ளினும் ஒருவர். பேரறிஞராகிய அவர் ஒரு மாலுமியிடம் கேட்டறிய நாணவில்லை. கேட்டதை அளந்து தெளியவும் சோம்பவில்லை. கேளாது புறக்கணித்தவர்களோ எதிர்நீரில் நாள்களை இழந்தனர்.