பேராயர் அசரியா: விதைத்தவர் காணாத அறுவடை

கிறிஸ்தவத்தைத் தமிழ் இலக்கியத்தின் வழியாகவே அறிந்தவன் நான். தேம்பாவணி தந்த வீரமாமுனிவர், ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் என்று கடல் கடந்து வந்தவர்களையே நாம் அதிகம் பேசியிருக்கிறோம். நம் மண்ணில் பிறந்து, உலகத் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

1874 ஆகஸ்ட் 17 அன்று திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், நாடார் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை தோமஸ் வேதநாயகம் அங்கிலிக்கன் குருவானவர். பதினைந்து வயதில் தந்தையை இழந்த மகனை வளர்த்து ஆளாக்கியவர் தாய் எலன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றும் அசரியா பட்டம் பெறவில்லை. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார்.

அந்தப் பயணங்களில் அவர் கண்டது ஒரு விசித்திரமான பிரிவினை. மிஷன் சங்கங்கள் நிலப்பரப்பைத் தமக்குள் பங்கிட்டிருந்தன. ஓர் ஊருக்கு இங்கிலாந்து மிஷன் வந்திருந்தால் அங்குள்ளோர் அங்கிலிக்கன். அடுத்த ஊருக்கு ஸ்கொட்லாந்து மிஷன் வந்திருந்தால் பிரஸ்பிட்டேரியன். ஐரோப்பியர் தமக்குள் போட்ட பழைய சண்டைகள், அவற்றைக் கேள்விப்பட்டே இராத பனங்காட்டு மக்களையும் பிரித்து வைத்தன.

1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள கிறிஸ்தவர்கள் தாமே மிஷன் பணி நடத்துவதைக் கண்டார். அந்த உந்துதலில் 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. உள்ளூர்ப் பணம், உள்ளூர் ஆட்கள், உள்ளூர் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கலுக்குத் தாமே புறப்பட்டுத் தெலுங்கு கற்றார். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளை மிஷனரிகள் உழைப்பைத் தந்தார்கள், நட்பைத் தரவில்லை என்ற பொருள்பட அவர் பேசியபோது அரங்கம் சலசலத்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

தோர்ணக்கலில் அவரை நாடி வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களுக்குள்ளும் மேல், கீழ் உண்டு. அவர்களை ஒரே பந்தியில் அமர்த்தப் போராடியவருக்குச் சபைகளின் ஒற்றுமை ஏட்டுக் கோட்பாடாக இருந்திருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். பெரும்பாலோர் இந்தியர். அங்கிலிக்கன் சபையும் தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றிணைய வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அசரியா அதன் முன்னோடிகளில் ஒருவர். அடுத்த ஆண்டு பேச்சுவார்த்தை தொடங்கியது. மெதடிஸ்ட் சபையும் பின்னர் சேர்ந்தது. முடிச்சு ஓரிடத்தில் இறுகியிருந்தது. பேராயர் கைவைத்துப் பட்டம் பெறாத போதகர்களை முழுமையான குருக்களாக ஏற்பதா? மறுபட்டம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அவமதிப்பு. கொடுக்காவிட்டால் அங்கிலிக்கன் மரபாளருக்குத் துரோகம். இறுதியில் இருப்பவர்களை அப்படியே ஏற்பது, இனி வருபவர்களுக்குப் பேராயரே பட்டம் கொடுப்பது என்று முடிவாயிற்று. இதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது. இங்கிலாந்தில் கடும் எதிர்ப்பு எழுந்தபோதும் அசரியா பேச்சை விட்டு எழுந்துவிடவில்லை.

1945 ஜனவரி 1 அன்று அவர் தோர்ணக்கலில் காலமானார். அதே மாதத்தில் அங்கிலிக்கன் பொதுப்பேரவை இணைப்புக்கு ஒப்புதல் தந்தது. 1947 செப்டெம்பர் 27 அன்று சென்னை புனித ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. பேராயர் மரபுச் சபையும் அம்மரபில்லாத சபைகளும் இணைந்தது உலகுக்கே புதுமை. அதில் யாழ்ப்பாண ஆதீனமும் ஒன்று. அதன் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன், தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதியவராக இலக்கிய வாசகர்கள் அறிந்தவர்.

எல்லோரும் இணைந்துவிடவில்லை. நந்தியால் பகுதி அங்கிலிக்கன்களில் ஒரு சாரார் வெளியே நின்றார்கள். இலங்கையின் அங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேரவில்லை. சாதி தேவாலயப் படியோடு நின்றுவிடவும் இல்லை. ஆயினும் புலம்பெயர்ந்த ஊர்களில் இரண்டு பேர் கூடினால் மூன்று சங்கம் அமைக்கும் நமக்கு இந்த வாழ்க்கை ஒன்றைச் சொல்கிறது. பிரிவதற்கு ஒரு மாலைக் கூட்டம் போதும். சேர்வதற்கு, தன் பெயரில் முடியாது என்று தெரிந்தும் உழைக்கும் ஒருவர் வேண்டும்.