ஓட்ட வீரர் நூர்மி

ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்வோர் உடன் ஓடுவோரையே தம் போட்டியாளராகக் கருதுவர். முன்னே செல்பவரை எட்டிப் பிடிப்பதும், பின்னே வருபவரை நெருங்கவிடாது விரைவதுமே அவர்தம் நோக்கமாகும். ஆயின், உடன் ஓடுவோரைப் பெரிதும் பொருட்படுத்தாது, காலத்தையே தம் போட்டியாளராகக் கொண்டு ஓடிய வீரர் ஒருவர் இருந்தார். அவரே பின்லாந்து நாட்டுப் பாவோ நூர்மி.

ஐரோப்பாவின் வடபால் அமைந்த பின்லாந்து, ஏரிகளும் காடுகளும் நிறைந்த குளிர்நாடு. அந்நாட்டின் துர்க்கு என்னும் துறைமுக நகரில் 1897ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் நூர்மி பிறந்தார். அவர்தம் தந்தையார் தச்சர். அவர் 1910ஆம் ஆண்டில் காலமானார். அதனால் குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. தாயார் வீட்டின் சமையலறையைப் பிறர்க்கு வாடகைக்கு விட்டு, பிள்ளைகளோடு ஒரே அறையில் வாழ்ந்தார். நன்கு படித்து வந்த நூர்மி, மூத்த மகன் என்னும் பொறுப்பை உணர்ந்து, பள்ளியை விட்டு ஒரு ரொட்டிக் கடையில் ஏவலாளாக அமர்ந்தார். பாரம் ஏற்றிய வண்டியை மேட்டுப் பாதையில் தள்ளிச் செல்வது அவருடைய வேலை. வறுமை சுமத்திய அப்பணியே அவர் கால்களுக்கு உறுதியை அளித்தது.

1912ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் விழா நிகழ்ந்தது. அதில் பின்லாந்து வீரர் ஹான்னஸ் கோலெமைனன் மூன்று பொற்பதக்கங்களை வென்றார். அக்காலத்தில் பின்லாந்து ரஷியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆதலால், வெற்றி பெற்றவர் பின்லாந்தினராயினும் ஏற்றப்பட்டது ரஷியக் கொடியே. அவ்வெற்றிச் செய்தி பதினைந்து வயதுச் சிறுவரான நூர்மியின் உள்ளத்தில் கனலை மூட்டியது. சில நாள்களிலேயே அவர் ஓடுதற்குரிய காலணிகளை வாங்கிப் பயிற்சியைத் தொடங்கினார்.

1917ஆம் ஆண்டில் பின்லாந்து விடுதலை பெற்றது. பின்னர் நூர்மி படையில் சேர்ந்து பணியாற்றினார். 1920ஆம் ஆண்டில் ஆன்ட்வெர்ப் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் அவர் முதன்முதலாகக் கலந்துகொண்டார். 5000 மீட்டர் ஓட்டத்தில் பிரெஞ்சு வீரர் கில்லமோ அவரை வென்றார். அத்தோல்வியால் நூர்மி மனம் தளர்ந்தாரல்லர். அடுத்து நிகழ்ந்த 10,000 மீட்டர் ஓட்டத்தில் கில்லமோவை வென்று முதலிடம் பெற்றார்.

தொடக்கத்தில் மிக விரைந்து ஓடுபவன் இறுதியில் சோர்ந்துவிடுவான். தொடக்கத்தில் மிகத் தயங்குபவன் பின்தங்கிவிடுவான். ஒவ்வொரு சுற்றையும் ஒரே வேகத்தில் ஓடுவதே வெற்றிக்கு வழி என்பதை நூர்மி நன்கு உணர்ந்தார். ஆகவே, நேரம் அளக்கும் சிறு கடிகாரம் ஒன்றைக் கையிற்கொண்டு பழகினார். பந்தயத்திலும் அதனைப் பார்த்தவண்ணமே ஓடினார். காண்போர் வியந்தனர், சிலர் அவரை உணர்ச்சியற்ற எந்திரம் என்றும் எண்ணினர்.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் அவருக்குக் கடுஞ்சோதனை காத்திருந்தது. 1500 மீட்டர் இறுதி ஓட்டமும் 5000 மீட்டர் இறுதி ஓட்டமும் ஒரே நாளில், சிறிது நேர இடைவெளியில் நடைபெறவிருந்தன. நூர்மி இதனை முன்னரே அறிந்து, ஜூன் மாதத்தில் ஹெல்சிங்கி நகரில் அவ்விரு தொலைவுகளையும் ஒரே நாளில் ஓடி ஒத்திகை பார்த்தார். இரண்டிலும் உலகச் சாதனை நிகழ்த்தினார். ஜூலை 10ஆம் நாள் பாரிஸ் நகரிலும் அவ்விரண்டு ஓட்டங்களிலும் வென்றார். இரு நாள் கழித்து, கொடிய வெயிலில் நாட்டுப்புற ஓட்டம் நிகழ்ந்தது. அதில் ஓடத் தொடங்கியோர் 38 பேர்; எல்லையை அடைந்தோர் 15 பேரே. வழியில் பலர் மயங்கி விழ, நூர்மி சீரான நடையில் ஓடி முதல்வராக வந்தார். அவ்விழாவில் அவர் பெற்ற பொற்பதக்கங்கள் ஐந்து.

ஆயினும், அவர் விரும்பிய 10,000 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்ள அவர் நாட்டு அலுவலர்கள் இடமளிக்கவில்லை. நூர்மி தாயகம் திரும்பியபின், அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அத்தொலைவை 30 நிமிடம் 6.2 வினாடியில் ஓடிமுடித்தார். அச்சாதனையை ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் எவராலும் முறியடிக்க இயலவில்லை.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் விழாவில், தடை தாண்டும் ஓட்டத்தின் முதற்சுற்றில் நூர்மி நீர்த்தடையைத் தாண்டுகையில் விழுந்தார். பிரெஞ்சு வீரர் துக்கேன் தம் வெற்றியையும் கருதாது நின்று, அவரைத் தூக்கிவிட்டார். நூர்மி அந்நன்றியை மறந்தாரல்லர். தாம் முந்திச் செல்ல இயலுமாயினும் அவருக்குத் துணையாகவே ஓடினார். எல்லைக்கருகில் முதலிடத்தையும் அவருக்கே அளிக்க முன்வந்தார். துக்கேன் அதனை ஏற்க மறுத்தார். எந்திரம் என்று எண்ணப்பட்ட மனிதரின் நெஞ்சில் நன்றியுணர்வு நிறைந்திருந்ததை உலகம் அன்று கண்டது.

மாரத்தான் என்னும் நெடுந்தொலை ஓட்டத்தில் வென்று தம் பந்தய வாழ்வை நிறைவு செய்ய நூர்மி விழைந்தார். அதன்பொருட்டு 1932ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தார். அக்கால ஒலிம்பிக் விதிகளின்படி விளையாட்டால் வருவாய் பெறுவோர் பந்தயத்தில் கலந்துகொள்ளல் ஆகாது. நூர்மி பயணச் செலவுக்கென அளவுக்கு மிஞ்சிய பணம் பெற்றார் என்னும் குற்றச்சாட்டின்பேரில், உலகத் தடகளக் கழகம் அவரை விலக்கி வைத்தது. பந்தயத்திற்காகக் கடல் கடந்து வந்தவர் ஓடாமலே திரும்ப நேர்ந்தது. ஒன்பது பொற்பதக்கங்களும் மூன்று வெள்ளிப் பதக்கங்களும் வென்றவர்க்கு அது ஆறாத புண்ணாயிற்று.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1952ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் விழா தொடங்கிற்று. மழையில் நனைந்தவாறு திரண்டிருந்த மக்கள் நடுவே ஒருவர் ஒலிம்பிக் சுடரை ஏந்தி ஓடி வந்தார். தலை வழுக்கையுற்றிருந்தது, நடையோ மாறவில்லை. ஐம்பத்தைந்து வயதான நூர்மியை அறிந்துகொண்ட மக்கள் எழுப்பிய ஆரவாரம் வானைப் பிளந்தது. களத்தில் அவர் தீ மூட்டினார். கோபுரத்தின் உச்சியில் தீ மூட்டியவர், அவர் இளமையில் வழிகாட்டியாகக் கொண்ட கோலெமைனனே!

பிற்காலத்தில் நூர்மி வாணிகத்தாலும் கட்டடத் தொழிலாலும் பெருஞ்செல்வம் ஈட்டினார். இதய நோய் ஆராய்ச்சிக்கென அறநிலையம் ஒன்றை நிறுவினார். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். நாட்டு மக்கள் அவரை அரசு மரியாதையோடு அடக்கம் செய்தனர்.

ஏவலாளாக வண்டி தள்ளிய சிறுவர் உலகப் புகழ் எய்தியதற்குக் காரணம் உடல்வலிமை மட்டுமன்று. ஒவ்வொரு வினாடியின் அருமையையும் அறிந்து அவர் உழைத்ததே பெருங்காரணமாகும். காலத்தை வீணாக்குவோரைக் காலம் முந்திச் செல்லும். அதனை அளந்து பயன்படுத்துவோர்க்கோ அது துணையாக உடன் வரும். நூர்மியின் வாழ்க்கை மாணவர்களுக்கு உணர்த்தும் பாடம் இதுவே.