சொந்தக் கடற்படையே சுட்டுக் கொன்ற அட்மிரல்... யார் இந்த ஜான் பிங்?

1757 மார்ச் 14. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் நின்ற 'மோனார்க்' போர்க்கப்பலின் மேல்தளத்தில், பிரிட்டிஷ் கடற்படையின் மூத்த அதிகாரி ஒருவர் மண்டியிட்டார். கையில் இருந்த கைக்குட்டையை அவர் கீழே விட்டதும், மரைன் வீரர்களின் துப்பாக்கிகள் வெடித்தன. எதிரி நாட்டோடு சேர்ந்து சதி செய்தவர் இல்லை, கோழை என்றும் நிரூபிக்கப்படவில்லை. அப்புறம் ஏன் மரண தண்டனை?

அப்பா போட்ட பாதை

ஜான் பிங் பிறந்தது 1704-ல். அப்பா ஜார்ஜ் பிங் புகழ்பெற்ற அட்மிரல். 13 வயதில் கடற்படையில் சேர்ந்த மகன், இருபதுகளின் தொடக்கத்திலேயே கேப்டன் ஆகிவிட்டார். 1742-ல் நியூஃபவுண்ட்லாந்து கவர்னர், 1745-ல் ரியர் அட்மிரல், 1751-ல் நாடாளுமன்ற உறுப்பினர் என்று வரிசையாக ஏறுமுகம்தான். ஆனால், பெரிய கடற்போர் எதையும் அவர் தலைமையேற்று நடத்தியதில்லை.

மினோர்கா சிக்கல்

மத்தியதரைக் கடலில் இருக்கும் மினோர்கா தீவு 1708 முதல் பிரிட்டன் வசம் இருந்தது. 1756 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை அங்கே இறங்கி, புனித பிலிப் கோட்டையை முற்றுகையிட்டது. அதைக் காப்பாற்ற பிங்கை அனுப்பினார்கள். கொடுத்தது 10 போர்க்கப்பல்கள். அவற்றிலும் ஆள் பற்றாக்குறை. ஜிப்ரால்டரில் கூடுதல் படை கிடைக்கும் என்று நம்பிப் போனால், அங்கிருந்த கவர்னர் கைவிரித்துவிட்டார்.

வழியில் வேறு சில கப்பல்களும் சேர்ந்துகொள்ள, மே 20 அன்று இரு தரப்பும் தலா 12 கப்பல்களோடு மோதின. பிங்கின் முன்வரிசைக் கப்பல்கள் பிரெஞ்சு பீரங்கிகளிடம் பலத்த அடி வாங்கின. பின்வரிசையில் இருந்த பிங், அணிவரிசை கலையாமல் இருக்க வேண்டும் என்று மெதுவாகவே நகர்ந்தார்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1744 டூலோன் போரில் வரிசையைக் கலைத்துப் பாய்ந்த அட்மிரல் மேத்யூஸ், பதவியை இழந்தார். அவரை விசாரித்த நீதிமன்றத்தில் பிங்கும் ஓர் உறுப்பினர்!

போர் முடிவு இல்லாமல் நின்றது. நான்கு நாள் கழித்து அதிகாரிகளோடு ஆலோசித்த பிங், ஜிப்ரால்டருக்கே திரும்பினார். ஜூன் கடைசியில் கோட்டை சரணடைந்தது.

பழி யார் மேல்?

லண்டனில் மக்கள் கொதித்தார்கள். பிங்கின் உருவ பொம்மைகளை எரித்தார்கள். குறைவான படையைத் தாமதமாக அனுப்பியது நியூகாசில் பிரபுவின் அரசு. அந்த அரசோ, பிங்கின் அறிக்கையில் தனக்குச் சங்கடமான பகுதிகளை வெட்டிவிட்டு வெளியிட்டது. மொத்தக் கோபமும் ஒரே ஆள் மேல் திரும்பியது.

1756 டிசம்பரில் ராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. கோழைத்தனம், விசுவாசமின்மை ஆகிய குற்றங்கள் இல்லை. ஆனால், தன்னால் முடிந்த அனைத்தையும் செய்யத் தவறிவிட்டார் என்பது தீர்ப்பு. அந்தக் குற்றத்துக்கு மரணம் தவிர வேறு தண்டனை தர முடியாதபடி, 1749-லேயே சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். நீதிபதிகளுக்கு வேறு வழியில்லை. தண்டனை விதித்த கையோடு, கருணை காட்டும்படி அவர்களே ஒருமனதாகப் பரிந்துரைத்தார்கள். வில்லியம் பிட்டும் மன்னரிடம் பேசிப் பார்த்தார். இரண்டாம் ஜார்ஜ் மசியவில்லை.

அதற்குப் பிறகு?

இரண்டே ஆண்டுகளில், பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் தன் 'கேண்டீட்' நூலில் இந்த மரணத்தைக் கிண்டலடித்து உலகறியச் செய்தார். 1779-ல் சட்டம் மாறியது. மரணத்துக்குப் பதில் வேறு தண்டனை தரவும் வழி வந்தது. பிங்குக்குத்தான் அது 22 ஆண்டு தாமதம். 2007-ல் அவருக்கு மன்னிப்பு வழங்கக் கேட்டார்கள் குடும்ப வாரிசுகள். பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் மறுத்துவிட்டது.

கப்பலும் ஆளும் போதாமல் அனுப்பியவர்களில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அதனால்தான் 250 ஆண்டுகள் கடந்தும் இந்த வழக்கு பேசப்படுகிறது.