காகிதத்தில் ஓடிய செஸ் எஞ்சின்

குழந்தைகளே, செல்போனில் செஸ் விளையாடியிருக்கிறீர்களா? ஆட்டம் முடிந்ததும் அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், பலகையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை தெரியும். நல்ல நகர்த்தல் செய்த இடத்தில் உங்கள் நிறம் ஏறும். தப்பு செய்த இடத்தில் சடாரென்று இறங்கும். எங்கள் கிள்ளையில் பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பட்டையைப் பார்த்துத்தான், தோற்றுப்போன ஆட்டத்தில் எங்கே கோட்டை விட்டோம் என்று கண்டுபிடிக்கிறான். இந்த வேலையைச் செய்யும் புரோகிராமுக்குச் செஸ் எஞ்சின் என்று பெயர்.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் ஆலன் டூரிங். அவர் தன் எஞ்சினை எழுதி முடித்தபோது, அதை ஓட்டிப் பார்க்கக் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. பிறகு என்ன செய்தார் தெரியுமா? தானே கம்ப்யூட்டர் ஆகிவிட்டார்!

டூரிங் ஆங்கிலேயர். ஆனால் அவருடைய அம்மா சாரா பிறந்தது நம் கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில், 1881-ல். தாத்தா ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் பிறந்ததுகூடக் குன்னூரில்தான். ஆலன் மட்டும் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். அப்பாவுக்கு இங்கே வேலை என்பதால், பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் கப்பல் ஏறினார்கள். அம்மா அப்பாவைப் பார்க்க வருடக்கணக்கில் காத்திருந்த பையன் அவர்.

கணக்கில் புலியாக வளர்ந்தார். விதிகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் எந்தக் கணக்கையும் செய்யக்கூடிய ஓர் இயந்திரத்தை 1936-லேயே மனசுக்குள் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். இன்றைய கம்ப்யூட்டருக்கு அதுதான் அடித்தளம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் எனிக்மா என்ற கருவியால் ரகசியச் செய்தி அனுப்பினார்கள். அதை உடைக்க பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ஒரு கூட்டமே வேலை செய்தது. அதில் முக்கியமானவர் டூரிங். அந்தக் கதையைத் தனியாகவே எழுதலாம்.

நமக்கு வேண்டியது அங்கே நடந்த செஸ். இங்கிலாந்துச் சாம்பியன் ஹ்யூ அலெக்சாண்டர், ஹாரி கோலம்பெக் போன்ற பெரிய ஆட்டக்காரர்களும் அங்கே வேலை பார்த்தார்கள். டூரிங்குக்குச் செஸ் என்றால் ஆசை. ஆட்டம் மட்டும் சுமார்தான். டூரிங் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகு கோலம்பெக் பலகையைத் திருப்பி வைத்து, தோற்ற காய்களை வைத்தே ஜெயித்துக் காட்டினாராம்!

நன்றாக ஆடத் தெரியாதவர் ஓர் இயந்திரத்துக்கு எப்படி ஆடச் சொல்லிக் கொடுப்பார்? இங்கேதான் டூரிங்கின் மூளை வேலை செய்தது. 1948-ல் நண்பர் சாம்பர்நவுனுடன் சேர்ந்து விதிகளை எழுதினார். முதலில் காய்களுக்கு விலை போட்டார். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, குறுக்கே போகும் மந்திரிக்கு 3½, யானைக்கு 5, ராணிக்கு 10. ராஜாவை விட்டுவிட்டு ஒரு பக்கத்துக் காய்களைக் கூட்டிப் பாருங்கள், 41 வரும். வெள்ளையின் கூட்டுத்தொகையைக் கறுப்பின் கூட்டுத்தொகையால் வகுத்து, எந்த நகர்த்தலில் அந்த எண் பெரிதாக வருகிறதோ அதை ஆட வேண்டும். எண்கள் சமமாக வந்தால் வேறு மதிப்பெண்கள் உண்டு. ஒரு காய் போகக்கூடிய கட்டங்களை எண்ணி, அதன் வர்க்கமூலத்தைச் சேர்ப்பது அதில் ஒன்று. வகுப்பில் வர்க்கமூலம் எதற்கு சார் என்று என்னைக் கேட்ட பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கே தெரியாது!

அடுத்தது, எவ்வளவு தூரம் யோசிப்பது? பிச்சாவரத்தில் படகில் போயிருக்கிறீர்களா? சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரியும். அது நாலாகும், எட்டாகும். செஸ்ஸும் அப்படித்தான். முதல் நகர்த்தலுக்கே வெள்ளைக்கு 20 வழிகள். கறுப்பின் பதிலையும் சேர்த்தால் 400. எல்லா வாய்க்காலிலும் கடைசிவரை போக முடியுமா? தன் நகர்த்தல் ஒன்று, எதிராளியின் பதில் ஒன்று, அதற்கு மேல் காய் வெட்டுகிற வழிகளில் மட்டும் தொடர்ந்து போய்ப் பார் என்று டூரிங் விதி வைத்தார்.

1952-ல் மான்செஸ்டரில் அலிக் கிளென்னி என்பவருடன் போட்டி. டூரிங் காகிதத்தையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு, விதி சொன்னபடி கணக்குப் போட்டுக் காய் நகர்த்தினார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அரை மணி நேரம் போல ஆனதாம். 29-வது நகர்த்தலில் எஞ்சினின் ராணி ஆசையாக ஒரு சிப்பாயை வெட்டியது. உடனே கறுப்பு யானை அதே வரிசைக்கு வந்து நின்றது. ராணிக்குப் பின்னால் அதே வரிசையில் சொந்த ராஜா! ராணி விலகவே முடியாது. எஞ்சின் தோற்றது. சிப்பாய் கிடைப்பது கணக்கில் தெரிந்தது. பின்னால் இருந்த பொறி தெரியவில்லை.

இன்றைய எஞ்சின்கள் ஒரு நொடியில் லட்சக்கணக்கான நிலைகளைப் பார்ப்பதால் இந்தப் பொறியைச் சட்டென்று காட்டிவிடும். அதனாலேயே ஒரு வேடிக்கை நடந்தது. 2024-ல் உலகச் சாம்பியன் ஆன நம் சென்னை குகேஷ், கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும்வரை எஞ்சினைத் தொடவில்லை. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைச் சொந்தமாகவே கணக்கிட வைத்தார்.

கிளென்னியோடு ஆடிய அதே 1952-ல்தான் டூரிங்குக்குப் பெரிய துன்பம் வந்தது. இன்னோர் ஆணை நேசித்தார் என்பதற்காக அன்றைய இங்கிலாந்துச் சட்டம் அவரைக் குற்றவாளி ஆக்கியது. சிறைக்குப் பதிலாக, உடம்பைக் கெடுக்கும் ஊசி மருந்தை ஏற்க வேண்டியதாயிற்று. ரகசியக் குறியீட்டு வேலையிலும் இனி இடம் இல்லை என்றார்கள். 1954 ஜூன் 7 அன்று, 42 வயது முடியச் சில நாட்களே இருந்தபோது, விஷத்தால் இறந்தார். தன் செஸ் விதிகளை மான்செஸ்டர் கம்ப்யூட்டரில் ஏற்ற அவர் தொடங்கிய வேலையும் முடியாமல் நின்றது.

போத்தனூரில் பிறந்த அம்மா, 1959-ல் மகனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். போரில் மகன் செய்த சாதனையை அதில் எழுத முடியவில்லை. அப்போதும் அது அரசு ரகசியம்! 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2021-ல் 50 பவுண்டு நோட்டில் டூரிங்கின் படம் வந்தது.

அந்தச் செஸ் விதிகள் என்ன ஆயின என்கிறீர்களா? டூரிங்கின் நூற்றாண்டான 2012-ல் அவற்றை இன்றைய கம்ப்யூட்டரில் ஏற்றி, மான்செஸ்டரில் ஒரு போட்டி வைத்தார்கள். எதிரே உட்கார்ந்தவர், 1997-ல் டீப் புளூ கம்ப்யூட்டரிடம் தோற்ற முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவ். 16 நகர்த்தலில் அவர் ஜெயித்துவிட்டார். இந்த முறை அரை மணி நேரம் காத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.