புளியமரத்தடியில் முழங்காலிட்டவர்



ஆண்டவரை நம்ம மனசுக்குள்ளே எப்படிப்பட்டவராக வைத்திருக்கிறோமோ, பாடுகளின் நாளிலே நம்ம விசுவாசமும் அப்படித்தான் நிற்கும். கேட்டதையெல்லாம் உடனே தருகிறவர் என்று மாத்திரம் நினைத்திருக்கிறவன், தராத நாளில் எங்கே போவான்? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவின் ஜீவியம்தான் ஞாபகம் வருகிறது. சுந்தரபாண்டியபுரத்து வயக்காட்டில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிறதே, அதே மலைத்தொடர்தான் தெற்கே போய் அவர்கள் ஊழியம் செய்த இடத்தையும் தொடுகிறது. அவர்கள் நம்ம பெந்தெகொஸ்தே சபைக்காரர் அல்ல. ஆனாலும் அவர்களிடத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ரொம்ப உண்டு.

1867இல் அயர்லாந்தில் பிறந்தார்கள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, தன் பழுப்புக் கண்ணை நீலக் கண்ணாக மாற்றும்படி ஜெபித்துவிட்டு, காலையில் ஓடிப்போய்க் கண்ணாடி பார்த்த கதை நம்ம ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கண் மாறவில்லை. இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று அந்தப் பிள்ளை அன்றைக்கே படித்துக்கொண்டது. 1895இல் இந்தியாவுக்கு வந்தார்கள். பிறகு 55 வருஷம் ஒருதரம்கூட ஊருக்குத் திரும்பவில்லை.

1901 மார்ச்சில் பண்ணைவிளையில், கோயிலுக்கு விடப்பட இருந்த ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தப்பி ஓடிவந்து அவர்களிடம் அடைக்கலம் புகுந்தது. அதன்பின் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் குறித்த பாரம் அவர்களை நசுக்கியது. இந்தச் சுமையை நான் எப்படிச் சுமப்பேன் என்று கலங்கின ஒரு வேளையில், மனக்கண்ணில் ஒரு காட்சி கண்டார்கள். வீட்டைச் சுற்றி நின்ற புளியமரங்கள் கெத்செமனேயின் ஒலிவமரங்களாக மாறின. ஒரு மரத்தடியில் ஆண்டவர் தனியாக முழங்காலில் நிற்கிறார். பாரம் அவருடையது. பக்கத்தில் போய் நானும் முழங்காலிடுவதுதான் என் வேலை என்று அம்மாவுக்குப் புரிந்தது.

சிங்காசனத்தில் வீற்றிருக்கிற ஆண்டவரை நாம் நன்றாக அறிவோம், அல்லேலூயா! ஆனால் மண்ணில் முழங்காலிட்டு அழுகிற ஆண்டவரை எத்தனை பேர் அறிவோம்?

இந்தக் காட்சி எவ்வளவு உண்மை என்பது 1915இல் சோதிக்கப்பட்டது. அம்மாவுக்கு வலதுகையாக இருந்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய். படுக்கையைச் சுற்றி நின்று, எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ஜெயத்துக்கு அடையாளமாகக் கட்டிலின் மேல் குருத்தோலை ஒன்றை வைத்தார்கள். நாம் செய்வதுபோலத்தான் செய்தார்கள், இல்லீங்களா? அன்று முதல் நோய் அதிகமானது. ஆகஸ்டில் பொன்னம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அம்மா கண்ணீர் வடித்தார்கள். ஆனால் ஜெபிப்பதை விடவில்லை, யாருடைய விசுவாசத்தையும் குற்றம் சொல்லவும் இல்லை.

சுகமளிக்கிற தேவனை நான் பிரசங்கிக்கிறவன், இனிமேலும் பிரசங்கிப்பேன். ஆனால் நம்மிடையே சில காரியங்கள் நடக்கிறது. சுகமாகாமல் வருஷக்கணக்காகப் படுத்திருக்கிற ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போய், உனக்கு விசுவாசம் குறைவு, மறைவான பாவம் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அந்தச் சகோதரி வேதத்தையே மூடி வைத்துவிட்டாள். மூன்றுதரம் கேட்டும் முள் நீங்காத பவுலிடத்தில் இவர்கள் போய் என்ன சொல்லுவார்கள்?

1931 அக்டோபர் 24ஆம் தேதி காலையில், பிறருக்கு இன்னும் பிரயோஜனமாக இருக்கும்படி தனக்கு எதை வேண்டுமானாலும் செய்யும் என்று அம்மா ஜெபித்தார்கள். அன்று சாயங்காலமே களக்காட்டில், புதிதாக எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் குழிக்குள் விழுந்து கால் ஒடிந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் பழைய நடமாட்டம் திரும்பவே இல்லை. ஏறக்குறைய இருபது வருஷம் அறையும் படுக்கையும்தான். வலியில்லாத நாட்கள் கொஞ்சம். சுகமாயிருக்கிறவர்கள் நோயாளிகளுக்கு எழுதுகிற ஆறுதல் உள்ளே போய்ச் சேருவதில்லை என்று கண்டு, நோயாளியாகவே இருந்து நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். அவை 1933இல் புத்தகமாக வந்தன. அந்தப் படுக்கையிலிருந்து இன்னும் பல புத்தகங்கள் பிறந்தன.

1951 ஜனவரி 18ஆம் தேதி, 83ஆம் வயதில் கர்த்தரிடம் சேர்ந்தார்கள். கல்லறைக்கல் வைக்கக்கூடாது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். அவர்களை அடக்கம்பண்ணின இடத்தில், மரநிழலில், பறவைகளுக்காக ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்தார்கள் பிள்ளைகள்.